மூடிய கையும் திறந்த வாயும்: குரோஷிய விவசாயிகள் விழித்த விதம்

1920 நவம்பர் 28. செர்பியர், குரோஷியர், ஸ்லொவீனியர் ராஜ்ஜியம் என்று புதிதாகப் பிறந்த நாட்டில் முதல் தேர்தல். வாக்குச்சாவடிக்குள் வரிசையாகப் பெட்டிகள், கட்சிக்கு ஒன்று. உள்ளே வரும் ஆளின் கையில் சிறிய ரப்பர் உருண்டை ஒன்றைக் கொடுப்பார்கள். அவர் கையை மூடிக்கொண்டு ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் விட்டு எடுக்க வேண்டும். எந்தப் பெட்டியில் உருண்டையை நழுவவிட்டார் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். ரப்பர் என்பதால் விழுகிற சத்தமும் கேட்காது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் பக்கத்திலிருப்பவருக்குத் தெரியாமல் வாக்களிக்க ஒரு வழி.

1938 டிசம்பர் 11. அதே நாடு, இப்போது பெயர் யூகோஸ்லாவியா. பெட்டியும் இல்லை, உருண்டையும் இல்லை. தேர்தல் அதிகாரிகளின் மேசைக்கு முன்னால் போய் நின்று, தன் வாக்கு யாருக்கு என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னது பதிவாகும். போலீஸ், வரி அலுவலகம், அரசு வேலை எல்லாம் ஆளுங்கட்சியின் கையில். அப்படியிருந்தும் குரோஷியக் கிராமங்களில் மிகப் பெரும்பாலான ஆண்கள் அந்த மேசைக்கு முன்னால் நின்று எதிர்க்கட்சித் தலைவரின் பெயரைச் சொன்னார்கள்: மாச்செக்.

இரண்டுக்கும் நடுவே 18 ஆண்டுகள். அந்தக் காலத்தில் அவர்களுடைய தலைவரை நாடாளுமன்றத்துக்குள்ளேயே சுட்டார்கள். அவர்களுடைய விவசாயிகள் கட்சியைத் தடைசெய்தார்கள். மன்னர் அரசியல் சட்டத்தையே தூக்கி எறிந்துவிட்டு ஆண்டார். பயந்துபோய் வாய் இன்னும் இறுக மூடியிருக்க வேண்டிய காலம் அது. எப்படித் திறந்தது என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த விழிப்பின் வேரை மேடைப் பேச்சுகளில் தேடுபவர்கள் அதிகம். நான் அதை 1897இல் ஒருவர் தயாரித்த ஒரு கேள்விப் பட்டியலில் காண்கிறேன். விவசாயிக்குப் புத்தி சொல்லப் போகாமல் அவரிடம் கேட்கப் போனார்கள். பலம் அங்கிருந்து வந்தது. பிற்காலத்தில் இயக்கம் தடுமாறிய இடங்களை எடுத்துப் பார்த்தால், கேட்பது நின்றுபோய் சொல்வது தொடங்கியிருப்பதைப் பல முறை பார்க்கலாம்.

சாவா ஆற்றங்கரை

குரோஷியாவின் தலைநகர் ஸாக்ரெபுக்குத் தென்கிழக்கே, சிசாக் நகரத்துக்குப் பக்கத்தில், சாவா ஆற்றின் வலது கரையில் த்ரெபார்யெவோ தெஸ்னோ என்று ஒரு சின்ன ஊர். 'தெஸ்னோ' என்றாலே வலது என்றுதான் பொருள். அங்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் 1868 ஜூன் 11 அன்று அந்துன் ராதிச் பிறந்தார். மூன்று ஆண்டு கழித்து அதே ஜூன் 11 அன்று தம்பி ஸ்த்யெபான் பிறந்தார். நிறையப் பிள்ளைகள் இருந்த வீடு. அண்ணன் ஸ்லாவிய மொழியியலில் முனைவர் பட்டம் வரை போனார். தம்பிக்குச் சிறு வயதிலிருந்தே கண் பார்வை மிகவும் மோசம், நாக்கு மிகவும் கூர்மை.

அவர்கள் பிறந்த காலத்துக் கிராமம் எப்படி இருந்தது? பண்ணையடிமை முறை 1848இல் ஒழிந்துவிட்டது. ஆனால் காடும் மேய்ச்சல் நிலமும் யாருக்கு என்ற வழக்கு பல ஊர்களில் பல பத்தாண்டுகள் இழுத்தது. அப்புறம் ஸாத்ருகா உடைந்தது. ஸாத்ருகா என்பது அண்ணன் தம்பிகள், அவர்களுடைய மனைவி மக்கள் என எல்லாரும் ஒரே கூரையின் கீழ் ஒரே சொத்தோடு வாழ்ந்த பெரிய கூட்டுக்குடும்பம். நிலம் பொது, உலை பொது, கடனும் பொது. அது பிரியத் தொடங்கியபோது ஒரு பெரிய வயல் நாலைந்து துண்டாகி, அந்தத் துண்டுகள் அடுத்த தலைமுறையில் மறுபடி துண்டாயின. ஃபிலாக்ஸெரா என்ற பூச்சி திராட்சைத் தோட்டங்களை அழித்தது. கப்பலேறி அமெரிக்காவுக்குப் போனவர்கள் ஏராளம்.

அரசியல் அவர்களுக்குக் காட்சிப்பொருள்கூட இல்லை. ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் ஹங்கேரியின் பங்காக இருந்த குரோஷியா-ஸ்லவோனியாவில் மக்கள்தொகை 1910இல் சுமார் 26 லட்சம். அந்த ஆண்டின் சீர்திருத்தத்துக்கு முன் வாக்குரிமை பெற்றிருந்தவர்கள் சுமார் 50,000 பேர். அதாவது நூற்றுக்கு இரண்டு பேர். அவர்களிலும் அரசு ஊழியர்கள் கணிசம்.

விவசாயிகள் தங்களுக்கு மேலே இருந்த எல்லாரையும் ஒரே சொல்லில் அடக்கினார்கள்: கபுதாஷ். 'கபுத்' என்றால் கோட்டு. கபுதாஷ் என்றால் கோட்டுக்காரர். வரி வசூலிப்பவர், வக்கீல், நீதிபதி, பத்திரிகைக்காரர், தேசபக்திக் கவிதை எழுதுபவர் எல்லாரும் கோட்டுக்காரர்கள்தான். அந்தக் கோட்டுக்காரர்களில் பலர் விவசாயிகளை உண்மையாகவே நேசித்தவர்கள். 1573இல் ஸ்துபிட்சா பகுதியில் நடந்த விவசாயிகள் கிளர்ச்சியையும், அதற்குத் தலைமை தாங்கி ஸாக்ரெபில் கொல்லப்பட்ட மத்தியா குபெட்ஸையும் அவர்கள் போற்றினார்கள். ஆனால் உயிரோடு பக்கத்தில் நின்ற விவசாயியிடம் உன் கருத்து என்ன என்று கேட்க அவர்களுக்குத் தோன்றவில்லை.

கேள்விப் பட்டியல்

1897இல் ஸாக்ரெபில் இருந்த கலைக்கழகம் நாட்டார் வாழ்க்கை பற்றிய தன் ஆய்விதழின் பொறுப்பை அந்துன் ராதிச்சிடம் ஒப்படைத்தது. அதில் அவர் வெளியிட்டதுதான் 'ஒஸ்னோவா'. அடித்தளம் அல்லது திட்டம் என்று சொல்லலாம். மக்கள் வாழ்க்கையைப் பற்றிய தகவல்களை எப்படித் திரட்டுவது என்பதற்கான மிக நீண்ட கேள்வித் தொகுப்பு. நிலம், வீடு, உணவு, உடை, உழைப்பு, குடும்பத்துக்குள் யார் யாருக்குக் கட்டுப்பட்டவர், பங்கு பிரிப்பது, ஊர் வழக்கு, பாட்டு, நம்பிக்கை என்று வாழ்க்கையின் எந்த மூலையையும் அது விடவில்லை.

அதுவரை நாட்டார் வழக்காறு சேகரித்தவர்கள் அழகான பாட்டையும் பழமொழியையும் பொறுக்கி எடுத்தார்கள். மற்றதை அங்கேயே விட்டுவிட்டார்கள். அந்துன் அப்படிப் பொறுக்கக் கூடாது என்றார். சாணம் அள்ளுவது எப்படி என்பதும் பாட்டு அளவுக்கு முக்கியம் என்ற மனநிலை அது. மக்கள் பேசுகிறபடியே எழுத வேண்டும், நகரத்து மொழிக்கு மாற்றி மெருகேற்றக் கூடாது என்றார். முடிந்தால் விவசாயியே எழுதட்டும் என்றார்.

எழுதினார்கள். ஊர்ப் பாதிரியார்களும் ஆசிரியர்களும் எழுதியவை பல. ஆனால் என்னை மிகவும் தொட்டது இது: 1898இல் அந்த ஆய்விதழில் த்ரெபார்யெவோவின் வாழ்க்கையும் வழக்கங்களும் பற்றி ஒரு நீண்ட பதிவு வந்தது. எழுதியவர் கதா யைன்செரோவா என்ற பெண். நாட்டில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு எழுத்தே தெரியாத காலத்தில், ஒரு கிராமத்துப் பெண் எழுதிய பக்கங்கள் கலைக்கழகத்தின் ஆய்விதழில் பேராசிரியர்களின் கட்டுரைகளோடு அச்சேறின.

இந்த வேலையிலிருந்துதான் அந்துனுக்கு ஓர் அரசியல் முடிவு பிறந்தது. நாட்டில் இரண்டு பண்பாடுகள் இருக்கின்றன; ஒன்று கோட்டுக்காரர்கள் வெளியிலிருந்து இரவல் வாங்கியது, மற்றொன்று விவசாயிகள் தாங்களே தலைமுறை தலைமுறையாக உருவாக்கியது. விவசாயி பண்பாடு இல்லாதவர் என்பது பொய். அவருக்குப் பண்பாடு இருக்கிறது, அதிகாரம்தான் இல்லை. இன்று இது எளிமையாகத் தோன்றலாம். அன்றைக்கு இது அரசியல் கணக்கையே புரட்டிப் போட்டது. விவசாயியைப் படிக்கவைத்து உயர்த்திய பிறகு உரிமை கொடுக்கலாம் என்று நல்லவர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். இருக்கிற நிலையிலேயே அவர் முழு மனிதர் என்றால், உரிமையைத் தள்ளிப்போட என்ன காரணம் மிச்சம்?

1899இல் அவர் 'தோம்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். தோம் என்றால் வீடு. தலைப்புக்குக் கீழே, குரோஷிய விவசாயிக்கு 'உரையாடலுக்கும் அறிவுக்கும்' ஆன ஏடு என்று போட்டிருந்தது. முதலில் உரையாடல், பிறகுதான் அறிவு. அந்த வரிசையைப் பாருங்கள். பத்திரிகையின் பெரும்பகுதியை அவரே எழுதினார். சட்டம் என்றால் என்ன, நாடாளுமன்றம் எதற்கு, பக்கத்து நாட்டு விவசாயி எப்படி வாழ்கிறார் என்பதையெல்லாம் அடுப்படியில் உட்கார்ந்து பேசுகிற நடையில் சொன்னார். படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்க வாசிப்பார், வீட்டிலிருக்கிற மற்றவர்கள் கேட்பார்கள். இப்படி ஒரு பிரதிக்குப் பல காதுகள்.

தம்பியின் குரல்

அண்ணன் கேட்டார் என்றால், தம்பி பேசினார். 1895 அக்டோபரில் பேரரசர் ஃபிரான்ஸ் யோசெஃப் ஸாக்ரெபுக்கு வந்திருந்தபோது, யெலாச்சிச் சதுக்கத்தில் ஹங்கேரியக் கொடியை எரித்த மாணவர் கூட்டத்தின் தலைவர் ஸ்த்யெபான்தான். சிறை, பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கம், பிறகு ப்ராகில் படிப்பு, பாரிஸில் அரசியல் கல்வி. மணந்தது செக் நாட்டு ஆசிரியையான மரியாவை. இளவயதில் கால்நடையாகவே ஊர் ஊராகச் சுற்றியவர், மணிக்கணக்கில் பேசக்கூடியவர், கேட்பவர்களின் பழமொழியிலேயே கேட்பவர்களிடம் பேசத் தெரிந்தவர்.

1903இல் ஹங்கேரி ஆதரவு ஆளுநர் குவென்-ஹெதர்வாரிக்கு எதிராக நாடு முழுக்கக் கொந்தளிப்பு. அதில் இறங்கியவர்களில் விவசாயிகள் நிறையப் பேர். அடுத்த ஆண்டு, 1904 டிசம்பர் 22 அன்று, அண்ணனும் தம்பியும் சேர்ந்து குரோஷிய மக்கள் விவசாயிகள் கட்சியைத் தொடங்கினார்கள். 'கடவுள் நம்பிக்கையும் உழவர் ஒற்றுமையும்' என்பது முழக்கம். கத்தோலிக்க நாடு என்பதால் இது தேவாலயக் கட்சி என்று நினைக்க வேண்டாம். பாதிரியார்களின் அரசியல் தலையீட்டை ஸ்த்யெபான் கடைசி வரை சாடினார். அவர்களில் பலர் அவரைப் பதிலுக்குச் சாடினார்கள்.

ஆறு ஆண்டுகள் கட்சிக்குக் கட்டாந்தரையாகவே இருந்தது. 1910இல் வாக்காளர் எண்ணிக்கை சுமார் 1,90,000 ஆக உயர்ந்ததும் கட்சிக்கு ஒன்பது இடங்கள் கிடைத்தன. சின்ன எண்தான். ஆனால் வாக்குரிமை கொஞ்சம் கீழே இறங்கியவுடனே இந்தக் கட்சி மேலே ஏறியது என்பதைக் கவனிக்க வேண்டும்.

பிறகு முதல் உலகப் போர் வந்தது. தானியத்தையும் மாட்டையும் குதிரையையும் அரசு பிடுங்கிக்கொண்டது. ஆண்களைப் போர்முனைக்கு அனுப்பியது. 1918 வாக்கில் படையிலிருந்து ஓடிவந்தவர்கள் காடுகளில் கூட்டம் கூட்டமாக இருந்தார்கள். பச்சைப் படை என்று அவர்களுக்குப் பெயர். பேரரசு சரிந்தபோது அவர்கள் பண்ணை மாளிகைகளைச் சூறையாடினார்கள்.

1918 நவம்பர் 24 இரவு, ஸாக்ரெபில் கூடிய தேசிய மன்றம் செர்பியாவோடு உடனே இணைவது என்று முடிவெடுக்கவிருந்தது. ஸ்த்யெபான் ராதிச் எழுந்து, மூடுபனிக்குள் வாத்துகள் ஓடுவதுபோல ஓடாதீர்கள் என்றார். குரோஷியாவில் இன்றைக்கும் அந்த வாசகம் பழமொழியாகப் புழங்குகிறது. அன்று சபை அவரைக் கேட்கவில்லை. ஆனால் அவர் அங்கே எழுப்பிய முக்கியமான ஆட்சேபம் நிபந்தனைகளைப் பற்றி மட்டும் இல்லை. விவசாயிகளைக் கேட்டீர்களா என்பதும் அவர் கேள்வி. நாட்டின் பெரும்பான்மை அவர்கள். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நாட்டையே மாற்றுகிறீர்கள் என்றார். அண்ணனின் கேள்விப் பட்டியல் தம்பியின் வாயில் அரசியலானது இந்த இரவில்தான் என்று நான் நினைக்கிறேன்.

கேட்காததை அவரே கேட்கப் போனார். பாரிஸ் அமைதி மாநாட்டுக்கு அனுப்புவதற்காகக் குடியரசு கோரி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகள் திரட்டப்பட்டன. 1919 பிப்ரவரியில் அந்துன் இறந்தார். மார்ச்சில் ஸ்த்யெபானைச் சிறையில் போட்டார்கள். ஏறக்குறைய ஓராண்டு கழித்து விட்டுவிட்டு, சில வாரங்களிலேயே மறுபடி பிடித்துப்போனார்கள்.

மாட்டுக்குச் சூடு

1920 செப்டம்பரில் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ராணுவத் தேவைக்காக இழுவை விலங்குகளைக் கணக்கெடுத்து அவற்றுக்குச் சூட்டுக்குறி போட வேண்டும் என்று உத்தரவு வந்தது. அதிகாரியின் பார்வையில் இது பதிவேட்டு வேலை. மேசையில் உட்கார்ந்து பார்த்தால் தவறாக எதுவும் தெரியாது.

கொட்டிலில் நின்று பாருங்கள். வீட்டுக்கு இருப்பது ஒரு ஜோடி குதிரையோ எருதோதான். உழவு, வண்டி, விறகு, சந்தை எல்லாம் அதை நம்பித்தான். சூட்டுக்குறி என்பது உடைமையின் அடையாளம். என் மாட்டில் அடுத்தவன் குறி விழுந்தால் மாடு அடுத்தவனுடையது. அரசு மாட்டைப் பிடுங்கிப் போன போர் ஆண்டுகள் நேற்று நடந்ததுபோல நினைவிருக்கிறது. குறி போடுவது பிடுங்குவதன் முதல் படி என்று கிராமம் புரிந்துகொண்டது. அந்தப் புரிதலை முட்டாள்தனம் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஸாக்ரெபுக்குக் கிழக்கே பல மாவட்டங்களில் விவசாயிகள் எழுந்தார்கள். உள்ளூர் அலுவலகங்களைத் தாக்கினார்கள். ஜென்டார்ம் என்ற ஆயுதக் காவலர்களோடு மோதினார்கள். சில இடங்களில் குடியரசு என்றே அறிவித்தார்கள். இரு தரப்பிலும் உயிர்கள் போயின. படை வந்து சில நாட்களில் அடக்கியது. அப்போது ஸ்த்யெபான் சிறைக்குள். ஆயுதம் எடுப்பதை அவர் ஏற்றுக்கொண்டதே இல்லை.

இதுவரை பார்த்தால் இது குபெட்ஸ் காலத்திலிருந்து பழகிய கதைதான்: பொறுக்க முடியாமல் எழுவது, அடிவாங்கி அமர்வது. புதியது என்னவென்றால், இது நடந்து மூன்றே மாதங்களுக்குள் அதே மாவட்டங்களின் ஆண்கள் வாக்குச்சாவடிக்குப் போய் ரப்பர் உருண்டையைக் கையில் வாங்கினார்கள். கட்சிக்கு 50 இடங்கள். 419 பேர் கொண்ட அவையில், குரோஷியா-ஸ்லவோனியாவில் மட்டும் நின்று பெற்ற 50 இடங்கள். தலைவர் வெளியே வந்தது தேர்தல் சமயத்தில்தான். கட்சிப் பத்திரிகையும், ஊர்க்கூட்டங்களும், வாசித்துக் கேட்ட பழக்கமும் பதினைந்து ஆண்டுகளாக ஒரு வலையைப் பின்னி வைத்திருந்தன. அந்த வலை இல்லாமல் இருந்திருந்தால் செப்டம்பர் கோபம் செப்டம்பரோடு முடிந்திருக்கும்.

டிசம்பரில் கட்சி பெயரில் 'குடியரசு' என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டது. மன்னர் முன் உறுதிமொழி எடுக்க மறுத்து உறுப்பினர்கள் நாட்டின் தலைநகர் பெல்கிரேடுக்குப் போகவே இல்லை. 1923இல் 70 இடங்கள். தால்மாஷியா, போஸ்னியா, ஹெர்ட்செகோவினா குரோஷியர்களும் வந்து சேர்ந்துவிட்டார்கள். கூட்டங்களுக்குப் பல்லாயிரம் பேர் நடந்தே வந்தார்கள்.

புறக்கணிப்பால் பெல்கிரேடு தடையில்லாமல் தான் நினைத்த அரசியல் சட்டத்தை 1921இல் நிறைவேற்றிக்கொண்டது. இது கட்சி செய்த பெரிய தவறு என்றே எனக்குப் படுகிறது. அப்புறம் வந்த திருப்பங்கள் தலைசுற்ற வைப்பவை. 1924இல் ஸ்த்யெபான் மாஸ்கோவுக்குப் போய், கம்யூனிஸ்டுகள் அமைத்த விவசாயிகள் அகிலத்தில் கட்சியைச் சேர்த்தார். 1925 ஜனவரியில் கைது. மார்ச்சில் அவருடைய இன்னொரு சகோதரரின் மகன் பாவ்லே ராதிச் நாடாளுமன்றத்தில் எழுந்து, மன்னராட்சியை ஏற்கிறோம் என்று அறிவித்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் சிறையிலிருந்தவர் கல்வி அமைச்சர். குடியரசுக்காகச் சிறை போன கிராமத்துத் தொண்டரிடம் இதை யாரும் முன்கூட்டிக் கேட்கவில்லை. 1927 தேர்தலில் இடங்கள் 61 ஆகக் குறைந்தன.

1928 ஜூன் 20 அன்று பெல்கிரேடு நாடாளுமன்றத்தில் ஆளுங்கட்சி உறுப்பினர் புனிஷா ராச்சிச் துப்பாக்கியை எடுத்துச் சுட்டார். பாவ்லே ராதிச்சும் ஜூரோ பசரிச்செக்கும் அங்கேயே இறந்தார்கள். வயிற்றில் குண்டு பாய்ந்த ஸ்த்யெபான் ஆகஸ்ட் 8 அன்று ஸாக்ரெபில் இறந்தார். 1929 ஜனவரி 6 அன்று மன்னர் அலெக்ஸாந்தர் நாடாளுமன்றத்தைக் கலைத்துக் கட்சிகளைத் தடைசெய்தார்.

தடைக்குப் பிறகு

பொதுவாக ஒரு தலைவரை நம்பிய கட்சி இங்கே முடிந்திருக்கும். வழக்கறிஞரான விளாத்கோ மாச்செக் தலைமைக்கு வந்தார். ஸ்த்யெபானின் பேச்சுத் திறமை அவருக்கு இல்லை, பொறுமை உண்டு. அவரும் சிறைக்குப் போனார். அதே ஆண்டுகளில் சிறையில் இருந்த இன்னொருவர் ருடோல்ஃப் பிச்சானிச் என்ற இளம் பொருளியலாளர்.

பிச்சானிச் வெளியே வந்ததும் 1935இல் வறண்ட மலைப் பகுதிகளுக்குப் போய் ஊர் ஊராக நடந்தார். எங்கே தங்கினாரோ அங்கே கிடைத்ததைச் சாப்பிட்டு, என்ன வாங்குகிறார்கள், எதை விற்கிறார்கள், எது இல்லாமல் சமாளிக்கிறார்கள் என்று விசாரித்தார். 1936இல் அது 'மக்கள் எப்படி வாழ்கிறார்கள்' என்ற நூலாக வந்தது. உப்பு, தீப்பெட்டி, மண்ணெண்ணெய், புகையிலை எல்லாம் அரசின் ஏகபோகம். விலை அரசு வைத்ததுதான். உலக மந்தத்தில் தானியத்தின் விலை விழுந்துவிட்டது, இவற்றின் விலை விழவில்லை. அதனால் உப்பைக் கிள்ளிக் கிள்ளிப் போடும் வீடுகள், ஒரு தீக்குச்சியைப் பிளந்து இரண்டாக்குபவர்கள், தீக்குச்சியே வேண்டாம் என்று சிக்கிமுக்கிக் கல்லுக்குத் திரும்பியவர்கள். ஒரு நாட்டின் வரிக் கொள்கையை ஒரு தீக்குச்சியில் காட்டிவிட்டார் மனிதர். நாற்பது ஆண்டு முன்னால் அந்துன் தொடங்கிய அதே முறை இது: போ, உட்கார், கேள், அவர்கள் சொன்னபடி எழுது.

கட்சி தடையில் இருந்ததால் வேலை மற்ற இரண்டு அமைப்புகளுக்கு மாறியது. 'செல்யாச்கா ஸ்லோகா', அதாவது உழவர் ஒற்றுமை, பண்பாட்டுக்கும் கல்விக்கும். 'கோஸ்போதார்ஸ்கா ஸ்லோகா', அதாவது பொருளாதார ஒற்றுமை, விலைக்கும் சந்தைக்கும். 1935க்குப் பிறகு இரண்டும் வேகமெடுத்தன. வியாபாரி அடிமாட்டு விலை சொன்னால் சரக்கைச் சந்தைக்கே கொண்டுபோகாமல் ஊரோடு நிறுத்திவைத்தார்கள். வரப்புத் தகராறுக்கு நீதிமன்றம் போய் வக்கீலுக்குக் காசைக் கொட்டாமல், 'நல்லவர்கள், நேர்மையானவர்களின் மன்றம்' என்று ஊருக்குள்ளேயே அமைத்துத் தீர்த்துக்கொண்டார்கள். வயல் வேலை இல்லாத குளிர்கால மாலைகளில் எழுத்து தெரிந்த விவசாயி தெரியாதவருக்குக் கற்றுக்கொடுத்தார். நம் ஊரில் கைநாட்டு என்பதைப் போல அங்கே காகிதத்தில் சிலுவைக்குறி போட்டுக்கொண்டிருந்தவர்கள் தங்கள் பெயரை எழுதினார்கள்.

1938இல் மேசைக்கு முன்னால் நின்று பேசிய வாய்க்கு விளக்கம் இங்கே இருக்கிறது. விலையை நிறுத்திப் பார்த்தவர், ஊர் வழக்கைத் தானே தீர்த்தவர், அறுபது வயதில் பெயர் எழுதக் கற்றவர் அதிகாரிக்கு முன்னால் ஒற்றை ஆளாக நிற்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரரும் அதே பெயரைத்தான் சொல்லப்போகிறார் என்று அவருக்குத் தெரியும். மாச்செக் தலைமையிலான எதிர்க்கட்சிக் கூட்டணி நாடு முழுவதும் சுமார் 45 சதவீத வாக்குகளைப் பெற்றது.

பண்பாட்டுப் பக்கத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. செல்யாச்கா ஸ்லோகா நடத்திய 'ஸ்மோத்ரா' என்ற விழாக்களில் கிராமத்தார் தங்கள் பாட்டையும் ஆட்டத்தையும் தங்கள் உடையிலேயே மேடையேற்றினார்கள். நகரத்தாரைப் பார்த்து வெட்கப்பட்ட உடையைப் பெருமையோடு போட்டுக்கொண்டு ஸாக்ரெபில் நடந்த நாட்கள் அவை. அதன் மதிப்பை நான் குறைக்கவே மாட்டேன். ஆனால் பார்த்து மதிப்பிட நிபுணர்கள் உட்கார்ந்தார்கள். இந்தப் பாட்டு நகரத்திலிருந்து வந்தது, வேண்டாம். இந்த வாத்தியம் உங்களுடையது இல்லை, விடுங்கள் என்றார்கள். விவசாயி விரும்பிப் பாடுவது விவசாயியின் பாட்டா, பாட்டி பாடியது மட்டும்தானா? அந்துன் கேட்டு எழுதிக்கொண்டதை இவர்கள் திருத்திக்கொடுக்கத் தொடங்கினார்கள். அதே ஆண்டுகளில் த்ராவா ஆற்றுப் பக்கம் ஹ்லெபினே என்ற ஊரில் இவான் கெனெராலிச், ஃப்ராஞ்யோ ம்ராஸ் என்ற விவசாய இளைஞர்கள் ஓவியர் க்ர்ஸ்தோ ஹெகெதுஷிச்சின் ஊக்கத்தால் தூரிகை எடுத்து, 1931இல் ஸாக்ரெபில் காட்சிக்கு வைத்தார்கள். பாட்டி வரையாத படங்கள் அவை. இருந்தும் அவற்றைவிடக் கிராமத்துக்குச் சொந்தமான படங்களை நான் பார்த்ததில்லை. செல்யாச்கா ஸ்லோகாவின் பெயர் மட்டும் அழியவில்லை; ஸாக்ரெபுக்குத் தெற்கே துரோபோல்யேயில் புஷேவெட்ஸ் கிராமத்தின் ஆடல்பாடல் குழு இன்றும் அந்தப் பெயரிலேயே இயங்குகிறது.

எங்கே நின்றது

1939 ஆகஸ்ட் 26 அன்று மாச்செக்கும் பிரதமர் த்ஸ்வெத்கோவிச்சும் உடன்படிக்கை செய்து குரோஷியாவுக்குத் தன்னாட்சி கிடைத்தது. ஆறு நாளில் உலகப் போர் தொடங்கிவிட்டது.

ஆட்சி கையில் வந்தபோது இரண்டு கேள்விகள் பதில் இல்லாமல் நின்றன. ஒன்று நிலம். சிறு துண்டுகளில் உழுதவர்களுக்கு அதிக நிலம் எங்கிருந்து வரும் என்பதற்குக் கட்சியிடம் தெளிவான வழி இல்லை. இடதுசாரிகள் இந்த இடத்தில்தான் கிராமங்களுக்குள் நுழைந்தார்கள். இன்னொன்று, குரோஷியாவின் செர்பிய விவசாயிகள். 1927இல் ஸ்த்யெபான் பழைய எதிரியும் அந்தச் செர்பியர்களின் தலைவருமான ஸ்வெத்தோஸார் பிரிபிச்செவிச்சோடு கைகோத்தபோது ஒரு கதவு திறந்தது. ஆனால் இயக்கத்தின் பாட்டு, கொடி, விழா எல்லாம் குரோஷியருடையதாகவே இருந்தன. ஒரே மழைக்குக் காத்திருந்த இரண்டு வரப்புக்காரர்களில் ஒருவருக்கு மட்டும் அது சொந்த இயக்கம்.

1941 ஏப்ரல் 10 அன்று நாஜிகளின் துணையோடு உஸ்தாஷாக்கள் என்ற குரோஷியப் பாசிசவாதிகள் தனி நாட்டை அறிவித்தபோது மாச்செக் அதில் பங்கேற்க மறுத்தார். ஆனால் புதிய ஆட்சியோடு ஒத்துழையுங்கள் என்று மக்களுக்கு வேண்டுகோள் விடுத்தார். நாற்பது ஆண்டு வளர்த்த ஒற்றுமையை, அதை நம்பியிருந்தவர்களைக் கேட்காமல், கொலைகார ஆட்சியின் முன்னால் அமைதியாக நிற்கச் சொன்ன அந்த வார்த்தையை என்னால் ஏற்கவே முடியவில்லை. சில மாதங்களில் அவரையே யசெனோவட்ஸ் வதை முகாமில் அடைத்தார்கள், பிறகு வீட்டுக்காவல். ஜெலெகோவெட்ஸ் ஊரைச் சேர்ந்த மிஹோவில் பாவ்லெக் மிஷ்கினா, ஏர் பிடித்தபடியே கதை எழுதிய விவசாயி, கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர். 1942இல் அவரை அந்த முகாமிலேயே கொன்றார்கள்.

கதா யைன்செரோவா தன் ஊரைப் பற்றி எழுதியது 1898இல். 1920இலும் 1923இலும் 1925இலும் அந்த உருண்டை எந்தப் பெண்ணின் கைக்கும் வரவில்லை. 1938இல் அந்த மேசைக்கு முன்னால் எந்தப் பெண்ணும் நிற்கவில்லை. 1945 நவம்பர் 11 அன்றுதான் யூகோஸ்லாவியப் பெண்கள் முதன்முதலாக வாக்களித்தார்கள். அன்றைக்கு மறுபடி ரப்பர் உருண்டை முறை. கம்யூனிஸ்டுகள் தலைமையிலான மக்கள் முன்னணியின் பெட்டி ஒன்று. அதை வேண்டாம் என்பவர்களுக்குப் பெயரே இல்லாத இன்னொரு பெட்டி. மாச்செக் அதற்குள் நாட்டைவிட்டுப் போயிருந்தார். பெயரில்லாத அந்தப் பெட்டியை மக்கள் குருட்டுப் பெட்டி என்று அழைத்தார்கள்.